அண்ணாச்சியின் எட்டாம் பதிப்பு

அண்ணாச்சி யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மையத்தில் யாருக்குமே தெரியாது, தெரியவும் கூடாது, விதி அப்படி. தெற்கத்தி ஆள், ஆண், ரத்தம் கொடுத்தபோது நோய் நொடி எதுவும் இல்லாதவர் என்பது மட்டும்தான் கோப்பில் இருக்கிறது. அவருடைய மரபணுத் தொகுப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்து, வரிசையாக ஒட்டி, தென்மாவட்டத்து மனிதருக்கெல்லாம் இதுதான் மாதிரி என்று வைத்திருக்கிறோம். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஆய்வகத்தில் டீ கொண்டு வருகிறவர் முதல் இயக்குநர் வரை எல்லோரும் சொல்வது அண்ணாச்சி. அந்த இடத்தில் அண்ணாச்சிக்கு என்ன எழுத்து இருக்கிறது, அண்ணாச்சியிடம் இல்லாதது இந்தப் பிள்ளையிடம் எப்படி வந்தது என்று நாள் முழுக்க அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

இன்றைக்குத் திருநெல்வேலிப் பக்கம் எந்தப் பெண் உண்டாகியிருந்தாலும் ரத்தம் எடுத்து, வயிற்றுப் பிள்ளையின் எழுத்துகளை அண்ணாச்சியோடு ஒத்துப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கும் இதே சோதனை உண்டு. ஒத்துப்போனால் பச்சைச் சீட்டு. ஆபத்தான இடத்தில் வித்தியாசம் வந்தால் சிவப்பு. இதில் எனக்கு எரிச்சல், ஊர் இதைப் புரிந்துகொண்ட லட்சணம்தான். பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஜாதகத்தோடு இந்தச் சீட்டையும் தட்டில் வைக்கிறார்கள். எங்கள் பையனுக்கும் அண்ணாச்சிக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மி என்று பெருமை வேறு. அண்ணாச்சி என்ன ஆகாயத்திலிருந்து குதித்தாரா, அவரும் நம்மைப்போல் சோறு தின்கிற ஆள்தானே என்று ஒரு நிச்சயதார்த்த வீட்டில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளி வாயை மூட வைத்தாள்.

என் பெயர் பேச்சியம்மாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பெயரா என்று கேட்காத ஆள் கிடையாது. எங்கள் குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர், இரண்டாவது பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவளின் பெயர். அதில் யாரும் கை வைக்க முடியாது. அதனால்தான் மரபணு படித்தும் நான் பேச்சி. அண்ணன் சுடலைமணிக்கு ஒரு மகள் பிறந்தால் தன் பெயரான சொர்ணம் வீட்டில் மறுபடி ஒலிக்கும் என்று அம்மா, அண்ணன் கல்யாணத்தன்றிலிருந்தே காத்திருந்தாள்.

அண்ணன் கட்டியது எங்கள் அத்தை மகள் செண்பகவல்லியை. முறைப்பெண்தான். அம்மாவுக்கும் அத்தைக்கும் ஏழாம் பொருத்தம் என்றாலும் வல்லி மதினியை அம்மாவுக்குப் பிடிக்கும். மதினி வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். வாய்க்கு வாய் என்னோடு சண்டை போடுகிற ஒரே ஆள் அவள்தான். போட்டாள் என்று சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அது நின்றுபோயிற்று.

அப்போது அவளுக்கு முதல் பிள்ளை உண்டாகியிருந்தது. சீட்டில் சிவப்பு வந்தது. இதயத் தசைக்கான மரபணுவில் ஒரு கிழிசல். பிள்ளை நன்றாகப் பிறக்கும், நன்றாக வளரும், கல்யாண வயதில் இதயம் வீங்கி ஒரு நாள் சட்டென்று நின்றுவிடும் என்றார்கள். மரபணுவில் அப்பா கொடுத்த பிரதி ஒன்று, அம்மா கொடுத்த பிரதி ஒன்று இருக்கும். அதில் ஒன்று கிழிந்தாலே இந்த நோய்க்குப் போதும். ஆனால் அண்ணனுக்கும் மதினிக்கும் சீட்டு பச்சை. இது பிள்ளையிடம் புதிதாக முளைத்த கோளாறு, யார் குற்றமும் இல்லை, அடுத்த பிள்ளைக்கு வராது என்று டாக்டரம்மா ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். ஐந்தாம் மாதத்தில் கலைத்தார்கள். மதினி அழவில்லை. அடுத்த வாரமே மெஷின் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் யார் வளைகாப்புக்கும் போனதில்லை. அந்த வளைகாப்புகளுக்கு உடுத்துகிற பிளவுஸ் மட்டும் அவள் தைத்துக் கொடுப்பாள். அப்போது நான் பெங்களூரில் இருந்தேன். இந்த மையத்துக்கு வேலைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு திங்கட்கிழமை, வேலை நேரத்தில் அண்ணன் போன் செய்தான். வேலை நேரத்தில் அவன் கூப்பிடவே மாட்டான். மதினிக்கு ஐந்து மாதம் ஆகிறது, எனக்குத் தெரியும். சீட்டு வந்துவிட்டது என்றான்.

"அதே எடம் பேச்சி. அதே செவப்பு."

டாக்டரம்மா இந்தத் தடவை வேறு மாதிரி சொன்னார்களாம். உங்கள் இருவரில் ஒருவருடைய விந்திலோ முட்டையிலோ இது மறைந்திருக்கலாம், அதனால்தான் திரும்ப வருகிறது என்று. கலைப்பதற்குச் சட்டம் தருகிற கெடு முடிய அதிக நாள் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அண்ணனுக்குப் பயம் அதில்லை. அவன் சொல்லி முடிப்பதற்குள் மதினி சரி என்று சொல்லிவிட்டாளாம். அழவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சரி என்றாளாம். வெள்ளிக்கிழமை நீ கூட வந்து இரு என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தான்.

புதிதாக முளைத்த கோளாறு ஒரே இடத்தில், ஒரே எழுத்தில், இரண்டு தடவை முளைக்குமா? முளைக்கலாம். புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் வேலை அண்ணாச்சியின் எட்டாம் பதிப்பைத் தயாரிப்பது. ஊரில் ஓடுவது ஏழாம் பதிப்பு. அதைச் செய்த காலத்து இயந்திரங்கள் மரபணுவைப் பொடிப்பொடித் துண்டாகத்தான் வாசிக்கும். அந்தத் துண்டுகளை ஒட்டி முழுசாக்க வேண்டும். ஒட்டுவது சுலபமாக இருக்கட்டும் என்றுதான் இந்த அண்ணாச்சியைப் பிடித்தார்கள். அவர் குடும்பத்தில் நாலைந்து தலைமுறையாகத் தாய்மாமனும் அக்காள் மகளும் கட்டியிருக்கிறார்கள். அதனால் அப்பா கொடுத்த பிரதியும் அம்மா கொடுத்த பிரதியும் பெரும்பாலான இடங்களில் அச்சு அசலாக ஒன்று. எந்தத் துண்டு எந்தப் பிரதியைச் சேர்ந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு துண்டு கண்ணில் பட்டால், இது அப்பாவுடையது, அது அம்மாவுடையது என்று இரண்டையும் மடித்து ஒன்றாக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். இப்போதைய இயந்திரம் நீளநீளமாக வாசிக்கும். அதை வைத்து, அவர்கள் மடித்த மடிப்பெல்லாம் சரிதானா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். அந்த இதய மரபணு இருக்கிற பகுதிக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு நேராக அங்கே போனேன்.

நீள வாசிப்புகளைக் கொண்டுவந்து அடுக்கினேன். மரபணு வரை எல்லாம் ஒன்றாக வந்தது. மரபணு முடிந்த பிறகு பாதி வாசிப்புகள் ஒரு பக்கம் போயின, மீதி வேறெங்கோ போயின. அப்பா பிரதி, அம்மா பிரதி என்று நினைத்து மடித்தது இரண்டும் ஒரே இடத்தின் பிரதிகள் இல்லை. அது இரண்டு வெவ்வேறு இடம். ஓரிடத்தில் உண்மையான மரபணு. இன்னோரிடத்தில் அதன் நகல். எந்தக் காலத்திலோ உண்டாகி, வேலை எதுவும் செய்யாமல் சும்மா கிடக்கிறது. ஏழாம் பதிப்பில் அந்த நகலுக்கு இடமே கொடுக்கவில்லை. ஆகவே யாருடைய நகலில் கிழிசல் இருந்தாலும், சீட்டில் அது உண்மை மரபணுவின் தலையில் விழும்.

அண்ணன், மதினி, பிள்ளை எல்லோருடைய பழைய வாசிப்பும் எங்கள் கணினியில் இருக்கிறது. அதைப் புது அண்ணாச்சியோடு ஒத்துப் பார்த்தால் போதும். சொந்தக்காரர்களுடையதைத் தொடக் கூடாது என்பது விதி. தொட்டேன், போங்கள்.

ஒரு பிள்ளையின் கோப்பைத் திறந்தால் குடும்பம் முழுவதையும் படமாகப் போட்டுவிடும் அந்த நிரல். அண்ணன் பச்சை. மதினி பச்சை. வயிற்றில் இருக்கிற பிள்ளை பச்சை. அதற்கு இடப்பக்கத்தில், நான் கேட்காமலே, முதல் பிள்ளையும் வந்து நின்றது. அதுவும் பச்சை. ஒவ்வொன்றின் அடியிலும் ஆணா பெண்ணா என்றும் போட்டிருந்தது. அந்தச் சேதியை வெளியில் மூச்சுவிட்டால் எங்களுக்கு ஜெயில்.

அண்ணனும் மதினியும் ஒரே பாட்டி வழி வந்தவர்கள். அந்தக் கிழிந்த நகல் இருவரிடமும் ஒவ்வொன்று இருக்கிறது. உண்மை மரபணுவில் இரண்டு பிரதி, நகலில் இரண்டு பிரதி, ஆக நாலு. நாலில் ஒன்று கிழிந்திருந்தால், வாசிப்பில் ஏதோ பிசகு என்று நிரல் தள்ளிவிடும். அதனால் அவர்களுக்குப் பச்சை. பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து நாலில் இரண்டு. சிவப்பு. தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டிய வீட்டு ஆளை மாதிரி என்று வைத்ததால் வந்த பிழை, சொந்தத்துக்குள் கட்டிய வீடுகளின் மேலேயே போய் விழுந்திருக்கிறது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தேன். தப்பே இல்லை.

மறுநாள் டாக்டர் கிளாட்வினிடம் போனேன். எங்கள் இயக்குநர். நல்ல மனிதர்தான், பயந்த மனிதர். விதியை மீறியதற்கு முதலில் ஒரு பாட்டம் திட்டினார். பிறகு மதியம் வரை நான் காட்டியதை ஒவ்வொன்றாகச் சோதித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நீங்கள் சொல்வது சரி என்றார்.

நான் உடனே வெளியிடுங்கள் என்றேன். சென்னையில் குழு இருக்கிறது, அவர்கள் தனியாகச் சோதிக்க வேண்டும், குறைந்தது நாலு மாதம் என்றார். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, ஏழாம் பதிப்பு வந்து எத்தனை வருஷம், அதில் எத்தனை வீடு, எத்தனை பிள்ளை என்று என்னையே கேட்டார். நின்றுபோன கல்யாணங்கள் வேறு. அரைகுறையாக விஷயம் கசிந்தால் ஊர் கொதிக்கும், நாளைக்கு உண்மையான சிவப்பைக்கூட எவரும் நம்ப மாட்டார்கள், அதனாலும் பிள்ளைகள் சாகும் என்றார். அதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

கடிதம் கேட்டேன். மறுபடி சோதித்தாலும் ஏழாம் பதிப்பை வைத்துத்தான் சோதிக்க முடியும், திரும்பவும் சிவப்புதான் வரும், எட்டாம் பதிப்பைக் காட்டி ஒரு வரிகூட எழுதித் தர முடியாது என்றார். நான் எழுந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பேச்சி, அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா எந்த ஆஸ்பத்திரியும் கட்டாயப்படுத்த முடியாது. அவங்களை வேண்டாம்னு சொல்ல வைங்க. நான் எதையும் கேக்கல, நீங்களும் எங்கிட்ட எதையும் சொல்லல."

புதன்கிழமை அண்ணனைக் கடையில் போய்ப் பார்த்தேன். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடை. அவன் தாமிரக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டான். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுபோயிற்று. அவன் கேட்கப் போவது எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப மொதல்ல உள்ளது?"

அதற்கும் ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூட அழவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, இதை வல்லியிடம் சொல்லாதே என்றான். முதல் சீட்டு சரியானது, இந்தச் சீட்டில்தான் பிசகு என்று சொல்லிவிடு, அவள் இதைத் தாங்க மாட்டாள் என்றான். யோசித்துப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு இருந்து இன்னொரு பிள்ளைக்கு இல்லாமல் போவது உலகத்தில் நடக்கிறதுதான். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு மதினி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மதினி ஒரு பட்டுப் பிளவுஸை வெட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கொடுக்க முடியாது, அதனால் இன்றைக்கே முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். கட்டிலின் மேல் ஆஸ்பத்திரிப் பை தயாராக இருந்தது.

ஒப்பித்ததைச் சொன்னேன். முதலில் வந்தது சரியான சீட்டு, இப்போது வந்ததில்தான் பிசகு, நான் என் கண்ணால் பார்த்தேன், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, நாளைக்குப் போகாதீர்கள் என்றேன். அவள் கத்தரியை நிறுத்தவில்லை. வெட்டி முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அதே எடம், அதே எழுத்து. அன்னைக்குச் சரி, இன்னைக்கு மட்டும் தப்பா? ஒங்க அண்ணன் சொல்லிக் குடுத்தானா?"

இல்லை என்றேன். என் முகத்தில் எதையும் மறைக்க முடியாது, சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அது தெரியும். அவள் துணியை மடியில் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினாள். மூன்று வருஷமாகப் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது.

"நான் ஏன் சரின்னு சொன்னேன்னு யாரும் கேக்கல. இதே செவப்புக்குத்தான் அத அனுப்பினேன். இப்ப இத மட்டும் வச்சிக்கிட்டா அதுக்கு ஒரு ஞாயம், இதுக்கு ஒரு ஞாயமா? ஒடம்பு சரியில்லாட்டியும் பரவால்லன்னு இத வளக்க முடியும்னா, அதையும் வளத்திருக்கலாம்ல? அது எங்கிட்ட வந்து கேக்குமே பேச்சி. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அண்ணன் நினைத்தது தலைகீழ். அந்தப் பொய்யை அவள் நம்பினால் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவாள். முதல் சீட்டு சரியாக இருக்கும்வரை இந்தச் சீட்டும் அவளுக்குச் சரிதான். இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டுமானால் அந்தப் பிள்ளையைப் பற்றிய உண்மையை நான் அவள் மடியில் வைத்தாக வேண்டும். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தண்ணீர் குடித்தேன். பிறகு, மேசைமேல் அவள் வெட்டிப் போட்டிருந்த துணித் துண்டு இரண்டையும் எடுத்தேன்.

"மதினி, இது ரெண்டும் என்ன?"

"கை. மடிச்சுப் போட்டு வெட்டினது. ஒண்ணு வலது, ஒண்ணு இடது."

"ஒரே பிளவுஸோட கையா?"

"பின்ன?"

"ரெண்டு பேரோட துணி ஒரே கலரு, ஒரே அளவு. கலந்து கெடக்கு. நீங்க அவசரத்துல ரெண்டு கையை எடுத்து, ஒரே பிளவுஸோட வலதும் இடதும்னு நெனச்சுட்டீங்க. ஆனா ஒண்ணு புதுப் பிளவுஸோட கை. இன்னொண்ணு, யாரும் உடுத்தாம பெட்டிக்குள்ள கெடக்க பழசோட கை. அப்படி ஆகுமா ஆகாதா?"

ஆகும் என்றாள். ஒரு தடவை ஆகியும் இருக்கிறது என்றாள்.

"அண்ணாச்சிகிட்ட அப்படித்தான் ஆயிட்டு. ரெண்டும் ஒரே பிளவுஸுன்னு மடிச்சு வச்சுட்டாங்க. பெட்டிக்குள்ள ஒரு பழசு கெடக்குங்கதே யாருக்கும் தெரியல. நம்ம குடும்பத்துல அந்தப் பழசுல ஒரு கிழிசல் இருக்கு. அது கிழிஞ்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா இவங்க அத எடுத்து, புதுசு கிழிஞ்சிருக்குன்னு எழுதிட்டாங்க."

அவள் அந்த இரண்டு துண்டையும் என் கையிலிருந்து வாங்கினாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தாள். ஓரம் சரிபார்த்தாள். பிரித்தாள். தெருவில் தண்ணீர் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவள் கேட்கப் போவதற்காகக் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. தானே சொன்னாள்.

"அப்ப அதுக்கும் கிழியல."

"கிழியல மதினி."

அவள் கத்தவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தலையை அதன்மேல் சாய்த்தாள். முதுகு மட்டும் குலுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. நானும் அழுதேன். அந்த நிமிஷத்தில் கிளாட்வினை, குழுவை, மடித்தவர்களை, கண்ணில் படாத அண்ணாச்சியை, எல்லோரையும் எனக்கு வெட்டிப் போடத் தோன்றியது. வெகுநேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அது என்ன பிள்ள?"

சொல்லக் கூடாது மதினி, சட்டம் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அதற்கு ஒரு முகம்கூட இல்லாமல் வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொம்பளப் பிள்ள," என்றேன்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். நான் இன்னொன்றையும் சொல்லத் தொடங்குவதற்குள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"இது என்னன்னு சொல்லாத. பொறந்த பெறகு பாத்துக்கிடுதேன்."

எழுந்து போய் ஆஸ்பத்திரிப் பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை அவள் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அண்ணன்தான் பேசினான், வேண்டாம் என்றான். சிவப்புச் சீட்டை வைத்துக்கொண்டு பிள்ளை பெறுகிறாள் என்று தெருவே பேசியது. அம்மா சாமியாடாத குறை. படித்தவள் நீயே இப்படிச் செய்யலாமா என்று என்னைத்தான் வறுத்தெடுத்தாள். மதினி யாருக்கும் எந்த விளக்கமும் கொடுக்கவில்லை. வளைகாப்புக்குத் தன் பிளவுஸைத் தானே தைத்துக்கொண்டாள். எனக்குத்தான் அந்த மாதங்கள் நரகம். நான் பார்த்தது தப்பாக இருந்தால்? மடிப்பைப் பிரித்ததில் எனக்கே ஒரு பிசகு நேர்ந்திருந்தால்? வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அந்த இடத்தைத் திறந்து பார்ப்பேன். சாயங்காலம் கிளம்பும்போதும் ஒரு தடவை. நேற்று இருந்தது போலவேதான் இருக்கும். ஆனாலும் நம்பிக்கை வராமல் மறுநாள் மறுபடி பார்ப்பேன்.

பெண் பிள்ளை பிறந்தது. இதயத்தை ஸ்கேன் எடுத்து, ஒரு குறையும் இல்லை என்றார்கள். பத்தாம் நாள் எட்டாம் பதிப்பும் வெளிவந்தது. அதில் பிள்ளையின் சீட்டு பச்சை. கூட ஒரு அறிவிப்பு: முந்தைய பதிப்பின் சில பகுதிகள் மேம்படுத்தப்பட்டுள்ளன. அவ்வளவுதான். மேம்பாடாம். பழைய சிவப்புகளை என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை. கிளாட்வின் அறைக்குப் போய் அந்தக் காகிதத்தை மேசையில் போட்டேன். அடுத்த கட்டமாக வீடு வீடாகச் சொல்லப்போகிறோம், அந்தக் குழுவுக்கு ஆள் வேண்டும், நீங்கள் வருவீர்களா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஒரு வீட்டில் சொல்லிவிட்டு வந்ததே எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெயர் வைக்கிற அன்று வீடு நிறைய ஆள். அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் சின்னச் சொர்ணத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தியான எங்கள் அத்தை ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயர் சொல்வது அப்பாவின் உடன்பிறந்தவள்தான். நான் குனிந்தேன். வழக்கத்துக்காக மதினியிடம், என்ன பேர் மதினி என்று கேட்டேன்.

"ஆவுடையம்மாள்," என்றாள்.

அது அத்தையின் பெயர், மதினியைப் பெற்றவளின் பெயர். அத்தைக்கே வெற்றிலை வாய்க்குள் நின்றுவிட்டது. எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, பிள்ளையின் காதில் ஆவுடையம்மாள் என்று ஒரு தடவை சொன்னேன்.

அம்மா விடுவாளா. மூத்த பேத்திக்கு என் பேர்தானே, எந்தக் காலத்திலிருந்து இந்த வழக்கம் மாறியது, இது யார் செய்த ஏற்பாடு என்று அத்தையைப் பார்த்துக்கொண்டே சத்தம் போட்டாள். அத்தை, சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தாள். கூட்டம் வேடிக்கை பார்த்தது. மதினி பிள்ளையின் தலையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் துளியும் இல்லை.

"மூத்தவளுக்கு ஒங்க பேருதான் அத்தை. இவ ரெண்டாவது."

எந்த மூத்தவள், என்ன உளறுகிறாள் இவள் என்று அம்மா என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போய்விட்டான். மதினி பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். இன்னும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான் குனிந்து சொன்னேன்.